லேபிள் இல்லாத பனியன்

நடிகர் திருவேங்கடம் அய்யா இன்று காலை இறந்துவிட்டார். வாட்ஸ்அப்பில் பார்த்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை...

பழைய படங்களில் மகளை வழியனுப்பிவிட்டு அழும் அப்பா என்றால் அவர்தான். பட வாய்ப்பு குறைந்த பிறகு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வேலம்பாளையத்தில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் விளம்பர முகம் ஆனார். ஊர் ஊராக டீலர் மீட்டிங். அவரைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது என் டியூட்டி.

மேடையில் பனியனை இரண்டு கையாலும் இழுத்துக் காட்டிக் கம்பெனி பெயரைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பக்கம் பக்கமாக வசனம் பேசியவருக்கு அந்தப் பெயர் மட்டும் மனதில் நிற்காது.

"கழுத்துல லேபிள் இருக்குல்ல தம்பி, இழுக்கும்போது பார்த்துப் படிச்சுக்கறேன். வெளியில சொல்லிடாதே. இப்ப எனக்கு இந்த வேலைதான் சோறு."

"சொல்ல மாட்டனுங்க அய்யா" என்றேன்.

இரண்டு வருஷம் யாருக்கும் தெரியவில்லை.

சேலம் மீட்டிங் அன்று அவசரத்தில் தையல் செக்‌ஷனில் மேலாகக் கிடந்த பீஸை உருவிக்கொண்டு ஓடினேன். லேபிள் தைக்காத பீஸ். நான் கவனிக்கவே இல்லை.

இழுத்தார். கழுத்துக்குள் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடினார்... பெயர் வரவே இல்லை. கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்து டீலர்கள் கை தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த முதலாளி தட்டவில்லை.

"ஏங்கண்ணு, அய்யாவுக்கு என்னாச்சு?" என்று வெளியே வந்து கேட்டார்.

எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். வேலை போய்விடுமோ என்று பயம். "கொஞ்ச நாளாவே அவருக்கு ஞாபகம் தப்புதுங்க" என்று சொல்லிவிட்டேன். பீஸைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அடுத்த மாதம் வேறு நடிகரைப் போட்டார்கள்.

கணக்கு முடிக்க வந்த அய்யா, கட்டிங் டேபிள் பக்கம் ஒதுங்கி நின்ற என்னைத் தேடி வந்தார்.

"பீஸ்ல லேபிள் இல்லாததை நான் யார்கிட்டயும் சொல்லலை தம்பி. புது மாப்பிள்ளை... பயப்படாம வேலையைப் பாரு."

தலையை மட்டும் ஆட்டினேன். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. போன் நம்பர் கிடைத்தும் கூப்பிடவில்லை. நான் சொன்னது அவருக்குத் தெரியுமோ என்று இத்தனை வருஷமும் உள்ளுக்குள் உதறல்.

போட்டுக்கொடுத்தது நான்தான் அய்யா.

போய் வாருங்கள்.