மாம்பழச் சாறு காய்ந்த லெக்கிங்ஸ்

எங்கள் கடைத்தெருவில் லெக்கிங்ஸை முதலில் விற்றவள் என் தங்கை உமாமகேஸ்வரி. இரண்டாயிரத்துப் பதினொன்று, சித்திரை மாதம், ஒரு புதன்கிழமை. எங்கள் வீடு இருக்கும் வரிச்சிக்குடியிலிருந்து அவளை வண்டியில் கொண்டுவந்து விட்டவள் நான்தான்.

அவள் வேலை பார்த்த ஜவுளிக்கடையின் முதலாளி தியாகராசன் திருப்பூரிலிருந்து முப்பது உருப்படி வாங்கி அடுக்கியிருந்தார். யாரும் தொடவில்லை. காலுக்குச் சாயம் பூசியது போல இருக்கிறது என்று பெண்களே முகம் சுளித்தார்கள். உமா கருப்பில் ஒன்றை எடுத்து, முட்டி மறைக்கும் டாப்புக்குக் கீழே போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். எதிரே நின்ற ஆண்கள் கையிலிருந்த டீ ஆறும்வரை அவள் கால்களையே பார்த்தார்கள். அவள் நகரவில்லை. நாடா அவிழாது, வண்டிச் சக்கரத்தில் சிக்காது என்று வந்தவர்களிடம் பொறுமையாகச் சொன்னாள். பத்தே நாளில் முப்பதும் தீர்ந்தன. அடுத்த சரக்கு வந்தது.

ஆனியில் மாங்கனித் திருவிழா. மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள், கீழே நெரிசலில் முட்டி போட்டாவது பிடிப்பார்கள். அதற்கு லெக்கிங்ஸ் போட்டுப்போன சிலர், மறுநாள் அளவு சரியில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவது கடை வழக்கம்.

அன்று மாலை தங்கையை அழைத்துப்போகச் சென்ற நான், திரும்பி வந்தவற்றை எண்ணினேன். பதினொன்று. முட்டியில் மாம்பழச் சாறு காய்ந்து மொடமொடத்தது. தொடையிடுக்கில் வேர்வையின் வெள்ளைக் கோடு, சுருண்ட முடி. ஒன்றில் இருந்த கறையை எழுதக் கை வரவில்லை. ஈரத்துணியால் துடைத்து, பவுடர் தட்டி, இஸ்திரி போட்டு அட்டையில் சுற்றும்படி தியாகராசன் உமாவிடம் சொல்லியிருந்தார். சூட்டில் கிளம்பிய நாற்றம் தொண்டைவரை இறங்கியது. மறுத்தால் வேலை போய்விடும். வீட்டில் அவள் சம்பளம் மட்டும்தான்.

உமா தேய்த்து முடித்தபோது நெடுங்காட்டிலிருந்து வந்த ஓர் அம்மா, மகளுக்கென்று அதில் ஒன்றை எடுத்து, மிருதுவாக இருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

“புதுசுதானே?”

“நேத்து வந்த சரக்கும்மா” என்றார் தியாகராசன்.

“இல்லக்கா, யாரோ போட்டுக் கழட்டுனது” என்றாள் உமா. “கீழ வச்சிட்டு மூஞ்சியக் கழுவுங்க. தண்ணி தரேன்.”

நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் தியாகராசன்.

“சரிண்ணே. ஆனா இத விக்க விடமாட்டேன்.”

கத்தரிக்கோலால் பதினொன்றையும் இடுக்கிலிருந்து முட்டிவரை வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டாள். என் தங்கை அவள்.

வண்டியைக் கிளப்பும்போது திரும்பிப் பார்த்தேன். தியாகராசன் கூடையருகே குனிந்து, ஒவ்வொன்றாக எடுத்து விளக்கு வெளிச்சத்தில் விரித்து, தைத்தால் வெளியே தெரியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.