சப்பாத்துப் பெட்டியில் நித்திரை கொண்ட வண்டுகள்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, தங்கியிருந்தார். ஊரிலிருந்து வந்தபோது ஒரு மாதம் என்றுதான் பேச்சு. எட்டு மாதமாகிவிட்டது. அம்மா அதை வாய்விட்டுச் சொல்லமாட்டா; பாத்திரங்களைச் சத்தமாக வைப்பா.

குளிர் தொடங்க, முதுகில் கறுப்புப் புள்ளி போட்ட சிவப்பு வண்டுகள் பேஸ்மென்ட் யன்னல் மூலையில் வந்து அப்பிக்கொண்டன. அவற்றை உறிஞ்சி எடுக்க அம்மா வக்கியூமை இழுத்துக்கொண்டு இறங்கினா.

“அண்ணி, உதுகள் நித்திரை. பனி கரைய, தங்கட பாட்டிலை போயிடும்” என்றார் சித்தப்பா. பெயின்ற் பிரஷால் ஒவ்வொன்றாகத் தட்டிச் சப்பாத்துப் பெட்டிக்குள் சேர்த்து, மூடியில் துளை போட்டு, ஹீற்றர் இல்லாத கராஜில் வைத்தார். வெளியே எறிந்தால் விறைத்துச் சாகும், சூட்டில் வைத்தால் முழித்துப் பட்டினியில் சாகும் என்று எனக்கு விளங்கப்படுத்தினார். எட்டு வயது மண்டைக்குள் முதல் பாதிதான் ஏறியது.

தைப்பொங்கலன்று மில்லிக்கனிலிருந்து பெரியம்மா குடும்பம் வந்திருந்தது. கராஜுக்குள் சப்பாத்து எடுக்கப் போன நான் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. ஐயோ பாவம் என்று உருகிப்போய், அதைத் தூக்கிவந்து, பொங்கல் படைத்திருந்த யன்னலடியில், சூட்டுக் காற்று வரும் இடத்தில் வைத்து மூடியையும் கழற்றினேன். கருணை என்றால் அப்படி ஒரு கருணை.

கொஞ்ச நேரத்தில் வண்டுகள் முழித்துக்கொண்டன. வெளிச்சத்தைப் பார்த்துப் பறந்து, யன்னலில் மோதி, வாழையிலையில் இருந்த பொங்கலில் விழுந்தன. சூரியனுக்கு இன்னும் தீபம்கூடக் காட்டவில்லை. மூக்குக்கண்ணாடி போடாமல் கும்பிட்டுக்கொண்டு நின்ற பெரியம்மா, “உது மூட்டைப்பூச்சியோ?” என்று கேட்டா.

அம்மாவின் முகம் கறுத்துப்போனது. மூட்டைப்பூச்சி வீடு என்று பெயர் வந்தால் பிறகு ஒருவரும் வாசல் மிதிக்கமாட்டார்கள்.

“ஆர் உதை இஞ்சை கொண்டுவந்து வைச்சது?”

எனக்கு வாய் அடைத்துப்போனது என்று சொல்லலாம். பொய். வாய் நன்றாகத்தான் இருந்தது, நான் திறக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் நான் ஒளித்திருந்த மூடியைச் சித்தப்பா பார்த்துவிட்டார்.

“நான்தான் அண்ணி. மறந்துபோய் வைச்சிட்டன்.”

அம்மா பொங்கலைக் குப்பையில் கொட்டினா. வண்டுகளை வக்கியூம் இழுத்தது. எனக்கென்றால் பெரிய நிம்மதி. பெரிய ஆட்களை யாரும் ஏசமாட்டார்கள், சித்தப்பாவுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைத்தேன். இரண்டு கிழமையில் அவர் இரண்டு பைகளோடு அஜக்ஸில் ஒரு வாடகை அறைக்குப் போனார். வேலைக்குக் கிட்ட என்று அப்பா சொன்னதை நம்பி, கையைக் காட்டிவிட்டுக் கார்ட்டூன் பார்க்கப் போனேன்.

நான்தான் என்று சொல்லியிருந்தால் அம்மா என் காதைத் திருகியிருப்பா, இரவு பக்கத்தில் இருத்திச் சோறு தீத்தியிருப்பா. அவ்வளவுதான். அந்த வீட்டில் பிழை விட எனக்கு இடமிருந்தது, அவருக்கு இருக்கவில்லை. அன்று அது விளங்கவில்லை. விளங்கிப் பல வருடமாகிவிட்டது. அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.