பேஸ் கிட்டாரின் முதுகில் ஒரு யன்னல்

ஒரு ஸ்க்ரூவைத் தேடி நானும் ஓர் ஆமிக்காரரும் கொழும்பில் காலி வீதியோரம் குந்தியிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது.

அவர் மணல்மூட்டைப் பக்கம் தேடினார். நான் சாக்கடைக் கானோரம் தேடினேன். பஸ்காரர் ஹோர்ன் அடித்துத் தன் கருத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். என் பேஸ் கிட்டாரோ செக்பொயின்ற் மேசையில் குப்புறக் கிடந்தது. நானே செய்தது. அசல் பலாப்பலகை, முற்பிறப்பில் அலுமாரிக் கதவு.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ரிகர்சலுக்குப் போகும் வழி உங்களுக்குத் தெரியும்தானே? ஒவ்வொரு செக்பொயின்ற்றிலும் சிங்களத்தில் ஒரே கேள்வி. "மே மொக்கத்த?" இது என்னவாம். கிட்டார் என்பேன். முதுகிலுள்ள சின்ன மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திறக்கச் சொல்வார்கள். திறந்தால்... வயர். பற்றரி. கம்பியின் மெல்லிய ஒலியைத் தூக்கிவிட நானே ஒட்டிய ஒரு குட்டிச் சேர்க்கிட். இந்த ஊரில், குண்டு வெடிக்கும் இந்தக் காலத்தில், ஒரு தமிழ்ப் பெடியனின் பெட்டிக்குள் இருக்கவே கூடாத மூன்றும் ஒரே இடத்தில்!

பேஸ் கிட்டார் பராமரிப்பு பற்றி வெளிநாட்டுப் புத்தகங்களில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கழுத்து வளையுமாம். கம்பி துருப்பிடிக்குமாம். அதெல்லாம் ஒரு வருத்தமா? எங்கள் கடற்காற்றுக்குக் கம்பி கிழமைக்கொரு முறை ஊமையாகும். அம்மாவின் இடியப்பச் சட்டியில் போட்டு அவித்தெடுத்தால் திரும்பப் பாடும். ("ஆரும் வீட்டை வந்தா சட்டியைத் திறந்து காட்டிப்போடாதை, பிறகு உனக்கு ஒருத்தரும் பொம்பிளை தராயினம்" — இது அம்மா.)

ஆனால் திறந்து திறந்தே முதுகு மூடியின் ஸ்க்ரூ ஓட்டைகள் பெருத்துப்போகும் என்று எந்தப் புத்தகத்திலாவது ஒரு வரி உண்டா? உலகத்துக் கிட்டார்கள் வாசித்துத் தேய்கின்றன. என்னுடையது காட்டிக் காட்டித் தேய்கிறது. விளக்குமாற்றில் ஈர்க்கு முறித்து, பசை பூசி, ஓட்டைக்குள் இறுக்கிப் பார்த்தேன். இரண்டு பயணம் தாங்கியது. மூன்றாவதில்தான் ஸ்க்ரூ காலி வீதிக்கு உருண்டது.

யோசனை இதுதான்: மூடியே கண்ணாடி மாதிரி இருந்தால்? திறக்க வேண்டாம்... பார், போ!

பாமன்கடையில் பெயர்ப்பலகை செய்யும் கடையில் ஒரு பேர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் துண்டு கேட்டு வாங்கினேன். அறுத்தேன், அரத்தால் ராவினேன், பூட்டினேன். யன்னல் தயார்!

சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாண ரிசெப்ஷன். எங்கள் பாண்ட் தலைவர் ஜெரோம் அண்ணை புதுக் கீபோர்ட் ஒன்றை வாங்கிய நாளிலிருந்து ஒரு மாதிரியாகக் கதைக்கிறார்.

"தம்பி, இதிலை இடது கையாலையே பேஸ் வாசிக்கலாம். என்ரை இடது கைக்குச் செக்கிங்கும் இல்லை, ஒண்டும் இல்லை. இனியொருக்கா பிந்தினியெண்டா நீயும் உன்ரை அலுமாரியும் வீட்டிலை இருங்கோ."

ஒரு மனிதனின் இடது கையோடு போட்டி போடும் நிலைமை உங்களுக்கு வந்திருக்கிறதா? நேரத்தோடே வெளிக்கிட்டேன்.

முதல் செக்பொயின்ற். பெருமையோடு கிட்டாரைத் திருப்பி யன்னலைக் காட்டினேன்.

முன்பு மூடியைத் திறப்பவர் மட்டும்தான் வயரைப் பார்த்தார். இப்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவருக்கும் தெரிந்தது! நாலு ஆமிக்காரர் சூழ்ந்துவிட்டார்கள். வெயில் பட்டு வயரெல்லாம் பளபளத்தது. பார்க்க எனக்கே பயமாக இருந்தது. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை என்று காட்டப் போகிறவன்தான் அதிகம் மாட்டுப்படுகிறான்... ஏனோ?

"கிட்டார் எக்கக் நம், கஹன்ன," என்றார் அவர்களில் பெரியவர். கிட்டார் என்றால் வாசி.

வாசித்தேன். அம்ப்ளிஃபயர் இல்லாத எலெக்ட்ரிக் பேஸ் — நுளம்பு இருமியது போல ஒரு சத்தம்.

"சத்த நேனே!" சத்தம் இல்லையே! அவருடைய முகம் மாறியது. சத்தமில்லாத கிட்டார், சத்தமில்லாமல் நிறைய வயர். கரண்ட், ஸ்பீக்கர் என்று என் அரைச் சிங்களத்தில் விளக்கினேன். 'கரண்ட்' என்ற சொல் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. பஸ் என்னை விட்டுவிட்டுப் போயே போய்விட்டது.

அப்போதுதான் பக்கத்தில் ஒரு வெறும் தார்ப் பீப்பா கண்ணில் பட்டது. கிட்டாரின் தலையை அதில் அழுத்திப் பிடித்துத் தடித்த கம்பியைத் தட்டினேன்.

டூ...ம்!

இரண்டு துவக்குகள் என் பக்கம் திரும்பின. நான் கண்ணை மூடிக்கொண்டு, விரலை நிறுத்தாமல், தெரிந்த ஒரு சிங்களப் பைலாப் பாட்டின் மெட்டை வாசித்தேன். டும் டும் டுடும்... கண்ணைத் திறந்தால் பெரியவரின் சப்பாத்து தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"எலக் மல்லி! தவ எக்கக்!" அருமை தம்பி, இன்னொன்றாம்! இன்னொன்று வாசித்தேன். இன்னுமொன்றும். இல்லையென்று சொல்லும் இடமா அது?

மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பாண்ட் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஜெரோம் அண்ணையின் இடது கையும்தான். ஓசைப்படாமல் பிளக்கைச் செருகிப் பாட்டின் நடுவில் ஏறினேன். சபையில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பேஸ்காரன் இல்லையென்றும் தெரியாது, வந்தானென்றும் தெரியாது!

இடைவேளையில் ஜெரோம் அண்ணை கிட்ட வந்தார். இடது கையை உதறிக்கொண்டே.

"உன்னை நிப்பாட்டுற யோசனையிலைதான் இருந்தனான். கை மரத்துப் போச்சு, அதாலை தப்பினாய்."

"தாங்ஸ் அண்ணை."

"சிரிக்காதை. வாற சனி பிந்தினியெண்டா, காலாலை எண்டாலும் நானே வாசிப்பன்."

செய்யக்கூடியவர். எனவே இந்தக் கிழமை வீட்டில் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பிரித்து, அதன் ஸ்பீக்கரைக் கிட்டாரின் வயிற்றுக்குள்ளேயே பொருத்தப் போகிறேன். கேட்ட இடத்தில், கேட்ட உடனே சத்தம்!

இன்னும் நாலைந்து வயர் வரும், இரண்டு பற்றரி கூடும்... அவ்வளவுதானே?