வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாள்

எங்கள் மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்ததும், புதுச்சேரியில் தான் தங்கிப் படித்த அறையைக் காலி செய்துகொண்டு பாகூர் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் ஓர் அட்டைப்பெட்டி. துணிமணியாக இருக்கும் என்று நினைத்து வாங்கினேன். பெட்டி தானாக நகர்ந்தது. திறந்து பார்த்தால் உள்ளே இரண்டு கினிப்பன்றிகள். ஒன்று முழுக் கறுப்பு, இன்னொன்று பழுப்பும் வெள்ளையும். வால் கிடையாது, கழுத்தும் கிடையாது, மூக்கு மட்டும் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது.

சென்னை விடுதியில் பிராணிகளுக்கு இடமில்லையாம். இரண்டும் பெண்தான், கடையில் பார்த்துத்தான் கொடுத்தார்கள், ஒரு தொந்தரவும் இருக்காது என்று அடித்துச் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிப் போய்விட்டாள்.

என் கணவர் நெல்லும் கரும்பும் வைக்கிற மனிதர். மாடு கன்று போட முடியாமல் தவித்தால் தெருவில் எல்லாரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முழங்கை வரை கையை விட்டுக் கன்றைத் திருப்பி இழுத்துப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்காருவார். அப்படிப்பட்டவர், பன்றி என்று பெயர் வைத்த எதையும் வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று முதல் நாள் முறுக்கிக்கொண்டார். அந்த வாரம் முடிவதற்குள், மருந்து அடிக்காத வரப்பாகத் தேடிப் பார்த்து அருகம்புல் அறுத்து, துண்டில் முடிந்துகொண்டு வந்தார்.

கொஞ்ச நாளில் பழுப்பு நன்றாக உருண்டு திரண்டது. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அது தன் வரப்புப் புல்லின் மகிமை என்று பெருமை பேசிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அதை உள்ளங்கையில் ஏந்தி நின்றவர், சூடு பட்டவர் போலக் கீழே விட்டுவிட்டு அடுப்படிக்கு வந்தார்.

“உள்ள ஒதைக்குதுடி,” என்றார்.

அப்புறம்தான் இருவரும் போய்க் கறுப்பைக் கொஞ்சம் அக்கறையாகத் திருப்பிப் பார்த்தோம். சந்தேகமே இல்லை. அத்தனை நாளும் “வாடி, போடி” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்ததை நினைத்து அவருக்கு வெட்கமாகிவிட்டது. அன்றைக்கே ‘டா’வுக்கு மாறினார். மகளுக்குப் போன் போட்டால் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மாட்டுக்கு ஊசி போட வருகிற கால்நடை டாக்டரிடம் இவர் விஷயத்தைச் சொன்னார். ஆணை உடனே பிரித்து வைக்க வேண்டும், இல்லையென்றால் குட்டி போட்ட அன்றே மறுபடி சினையாகிவிடும் என்று டாக்டர் சொன்னாராம். தாய்க்குக் கொய்யா கொடுங்கள், இது முதல் ஈத்து, பயப்படும், சத்தம் மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். கறுப்பைப் பழைய கோழிக்கூட்டுக்கு மாற்றினோம். போகிற வருகிற போதெல்லாம் இவர் அங்கே நின்று, அதற்கு ஆறுதலாக ஏதோ பேசிவிட்டுத்தான் நகர்ந்தார். எனக்குப் பிரசவ நேரத்தில் என் அம்மா வீட்டு வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டவர் அவர். அந்த அனுபவம் பேசியிருக்கும்.

ஆடி மாதத்தில் ஒரு காலையில் கூண்டைப் பார்த்தால் மூன்று குட்டிகள். கண் திறந்து, முழு மயிரோடு, பல்லோடு பிறந்திருந்தன. இரண்டு, ஆளுக்கொரு மூலையில் ஓடிக்கொண்டிருந்தன. தாய் மட்டும் எதிர் மூலையில், சுவருக்குள் புகுந்துவிடப் பார்க்கிறவள் போல ஒடுங்கி நின்றாள். தன்னிடமிருந்து வந்தவை இவைதாம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை போலும். ஒரு குட்டி பாலுக்காக மூக்கை நீட்டிக்கொண்டு கிட்டே போனால், ஐயோ என்று குதித்து அடுத்த மூலைக்குப் போனாள். குட்டிகள் துரத்த, தாய் ஓட, கூண்டைச் சுற்றிக் காலைப் பந்தயம் நடந்தது.

மூன்றாவது குட்டி மட்டும் ஓடவில்லை. மற்றவற்றில் பாதிதான் இருந்தது. உடம்பு ஈரமாக, சில்லென்று கிடந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே, இவரைக் கொஞ்சம் பிடிக்கச் சொன்னேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வேணாம். ஒடஞ்சிடும்,” என்றார்.

கன்றுக்குட்டியின் காலைப் பிடித்து இழுத்த அதே கைகள்தாம். அவருடைய பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுக்கும் வேலையை மட்டும் ஒப்புக்கொண்டார். அந்தத் துணியில் குட்டியைச் சுற்றி, என் வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உடம்பில் சூடு ஏறியதும் ‘கீச்’ என்று ஒரு சத்தம் கொடுத்தது. அதைக் கேட்டுத் தாய் முதல் தடவையாகத் தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

கூண்டின் பாதியைச் சாக்கால் மூடி இருட்டாக்கினோம். அந்த இருட்டில் ஒரு கைப்பிடி கொத்துமல்லியை வைத்தேன். அவளுக்கு எந்தப் பயமும் கொத்துமல்லிக்கு அடுத்துதான். மெல்ல வந்து மெல்ல ஆரம்பித்தாள். அவள் வாய் வேலையாக இருக்கும் நேரம் பார்த்துக் குட்டிகளை ஒவ்வொன்றாக வயிற்றுப் பக்கம் தள்ளினேன். ஒரு முறை உதறினாள், மறு முறை நெளிந்தாள், மூன்றாம் முறை தின்றுகொண்டே சும்மா இருந்தாள். என் கணவர் பெருமூச்சு விட்டார்.

அந்த நேரம் பார்த்து மாரியம்மன் கோயில் கூழ் விழாவுக்குப் போட்ட மைக் செட்டு, அம்மன் பாட்டை முழுச் சத்தத்தில் தொடங்கியது.

எங்கள் வீட்டு எதிரில் இருக்கிற மின்கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டச் சொல்வதே என் கணவர்தான். விழாக் குழுவில் அவர் முக்கியமான ஆள். நம் தெருவுக்கு மட்டும் சத்தம் வரவில்லை என்று ஒரு வருஷம் குழுவிலேயே சண்டை போட்டு வாங்கிய ஸ்பீக்கர் அது. ஜன்னல் கண்ணாடி அதிரும். நான் ஏதாவது சொன்னால், ஆத்தாளுக்கு எடுக்கிற விழா சத்தமில்லாமலா நடக்கும் என்பார்.

தாய் ஒரே துள்ளு. கொத்துமல்லி ஒரு பக்கம், குட்டிகள் ஒரு பக்கம் சிதறின. சின்னது கவிழ்ந்து விழுந்தது. இவர் ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் எப்போதும் மறக்க மாட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் மைக் செட்டுக்காரர் ஏணியோடு வந்து, குழாயைக் கரும்புத் தோட்டத்துப் பக்கம் திருப்பி வைத்துச் சத்தத்தையும் குறைத்துவிட்டுப் போனார். குழுவிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். உள்ளதைத்தான் சொன்னேன் என்றார். என்னவென்று இரண்டு தடவை கேட்ட பிறகு வாயைத் திறந்தார்.

“வூட்ல புள்ள பெத்தவ இருக்கா, சத்தம் கேட்டா நடுங்கறான்னு சொன்னேன்.”

“அது யாருன்னு சொன்னீங்களா?”

அதை அவர்களும் கேட்கவில்லையாம், இவரும் சொல்லவில்லையாம்.

வீட்டில் பெண் என்று இருப்பது நான். மகள் சென்னையில், கல்யாணமாகாதவள். எனக்கோ பேரன் எடுக்கிற வயது. தெரு இதை எப்படிக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் என்பதை அவர் யோசிக்கவே இல்லை. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. கடற்கரைப் பக்கத்திலிருந்து வழக்கமாக மீன் கொண்டுவரும் அக்கா. கூடைக்குள்ளிருந்து தனியாக ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். பால்சுறா. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் செய்து போடுவது. கோயில் முனையில் சேதி கேட்டுத் தனியாக எடுத்து வைத்தாளாம். என் வயிற்றை ஒரு முறை பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

“யாரு, நீயாம்மா?”

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய்ச் சாக்கை விலக்கிக் காட்டினேன். குந்தி உட்கார்ந்து வெகு நேரம் பார்த்தாள்.

“இன்னாம்மா இது, பெருச்சாளியா?”

கினிப்பன்றி என்றேன்.

“பன்னியா பெருச்சாளியா, ஏதாவது ஒன்னு சொல்லு,” என்றவள், தாயின் முகத்தைப் பார்த்ததும் குரலை மாற்றிக்கொண்டாள். “பாவம், மொத புள்ள. எனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு. தூக்கிக் குடுத்தா யாரோட புள்ளையோன்னு பாத்தேன்.”

அது புல் மட்டும்தான் தின்னும் என்று சொல்லி மீனைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். தாய்க்கென்று எடுத்து வந்ததைத் திரும்ப எடுத்துப் போக மாட்டேன் என்று வைத்துவிட்டுப் போனாள். அன்று மதியம் சுறாப்புட்டு செய்தேன். இவர் வெட்கப்பட்டுக்கொண்டு தொடவில்லை. தெருவே பிள்ளை பெற்றவள் என்று முடிவு கட்டிய பிறகு எனக்கென்ன, பூண்டு தூக்கலாகப் போட்டு நானே ஒரு பிடி பிடித்தேன்.

மீன்கார அக்கா போன வழியெல்லாம் சேதியும் போயிருக்கும். மறுநாள் மாலை, கோயில் கொட்டகையில் நன்கொடை கொடுத்தவர்கள் பெயரைப் படித்துக்கொண்டிருந்தவர், நடுவில் தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கள் விழாக் குழு உறுப்பினர் இல்லத்தில் தாயும் மூன்று சேய்களும் நலம் என்று மைக்கில் அறிவித்தார். கரும்புத் தோட்டத்துப் பக்கமிருந்து அது தெளிவாகவே கேட்டது. தெருவில் சிரிப்பு. நான் பயந்துபோய்க் கணவர் முகத்தைப் பார்த்தேன். கோபக்காரர்.

“மூனும் நலம்னு இவனுக்கு எப்பிடித் தெரியும்?” என்றார் கவலையாக. “சின்னது இன்னும் சரியாவே குடிக்கலையே.”

அது உண்மை. தாய்க்கு இருப்பது இரண்டு காம்பு. பெரியவை இரண்டும் பிடித்துக்கொண்டு சின்னதை உதைத்துத் தள்ளின. அவற்றைக் கொஞ்ச நேரம் மூங்கில் கூடைக்கு மாற்றிவிட்டுச் சின்னதை மட்டும் குடிக்க விடலாம் என்று தோன்றியது. ஆனால் அதற்குத் தாயை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் ஒன்றும் கேட்காமல் தாயைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். முதலில் இருவரும் நடுங்கினார்கள். யார் அதிகம் என்று சொல்ல முடியாது. இவர் தன் பெரிய கையை அவள் முதுகில் வைத்து, மாட்டுக்குப் பால் கறக்கும்போது போடுகிற சத்தத்தை மெதுவாகப் போட்டார். அவள் அடங்கினாள். சின்னதைக் கீழே விட்டேன். அது தேடித் தடவிக் காம்பைப் பிடித்தது. தாய் குனிந்து அதை நக்க ஆரம்பித்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

“குடிக்குதா?” என்று கேட்டார். பார்க்கத் தைரியமில்லாமல் கூரையைப் பார்த்தபடி.

“குடிக்குது.”

அதிலிருந்து வயலுக்குப் போகுமுன் ஒரு முறை, வந்து குளித்தபின் ஒரு முறை என்று அவர் மடியில் பந்தி நடந்தது. விழா முடிந்து கூழ் ஊற்றி, கொட்டகை பிரித்தார்கள். சின்னது வளர்த்தியில் மற்றவற்றை எட்டிப் பிடிக்கவில்லை, ஆனால் ஓட்டத்தில் முதலாவதாக வந்தது. பால் மறந்ததும் ஆண் குட்டிகள் இரண்டையும் பிரித்து, கேட்டு வந்த தெரிந்த வீட்டுக்குக் கொடுத்தோம். கொடுக்குமுன் இவர் அந்த வீட்டுக்கே போய்க் கூண்டு வைக்கிற இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். பூனை இருக்கிறதா என்று மூன்று பேரிடம் விசாரித்தாராம். பெண் கேட்டு வருகிறவர்களைக்கூட நாளைக்கு இவ்வளவு விசாரிப்பாரா தெரியாது.

பெண்ணாகப் பிறந்த சின்னது தாயோடு எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கறுப்பு இன்னும் கோழிக்கூட்டில்தான். இப்போது தாய்க்கு எதற்கும் பயமில்லை. சாயங்காலம் கூண்டுக் கம்பியில் முன்னங்கால்களை ஊன்றி நின்று, தெரு முனை வரை கேட்கிற மாதிரிக் கத்துகிறாள். தன்னுடைய பைக் சத்தத்தை அடையாளம் கண்டுகொண்டு கூப்பிடுகிறாள் என்று என் கணவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பைக் வருகிற அதே நேரத்தில் நான் அடுப்படியில் கொத்துமல்லிக் கவரைப் பிரிக்கிறேன் என்பதை அவரிடம் இதுவரை சொல்லவில்லை.