மறுபடியும் மூன்று இறகுகள்

சேலையூர் கேம்ப் ரோட்டில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது நான் வேலை பார்த்த ஆய்வகம். வளர்ப்புப் பறவை ஆணா பெண்ணா என்று டிஎன்ஏவை வைத்துச் சொல்வோம். இறகுகள் கூரியரில் வரும், முடிவு வாட்ஸ்அப்பில் போகும். முதலாளி வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பார். மற்ற நாட்களில் நான் மட்டும்தான். சில நாள், சாயங்காலம் பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போதுதான் என் குரலே எனக்குக் கேட்கும். இரண்டு வருடத்தில் ஒரு பறவையைக்கூட அங்கே நான் பார்த்ததில்லை.

இறகின் வேரிலிருந்து டிஎன்ஏவை எடுத்து, தேடுகிற பகுதியை மட்டும் இயந்திரத்தில் பெருக்குவோம். ஜெல்லில் ஓடவிட்டால் ஆணுக்கு ஒரு கோடு தெரியும், பெண்ணுக்கு இரண்டு. கூடவே, சரிபார்க்க, வெறும் தண்ணீர் வைத்த ட்யூப் ஒன்றும் ஓடும். அதில் எதுவும் தெரியக் கூடாது. ஒரு நாள் தெரிந்தது. என் கைத்தவறுதலால் ஏதோ ஒரு பறவையின் டிஎன்ஏ அதில் கலந்திருந்தது. அன்றைய முடிவுகளில் எதையும் நம்ப முடியாது.

மற்றவர்களின் இறகுகள் மிச்சம் இருந்தன. ராஜகீழ்ப்பாக்கத்து அம்மா ஒருவருடையது மட்டும் தீர்ந்துபோயிருந்தது. போன் செய்து, உதிர்ந்தது உதவாது, புதிதாக வேரோடு பிடுங்கியதுதான் வேண்டும் என்றேன்.

"போன தடவை பிடுங்கினதுக்கே ரெண்டு நாள் கிளி என்கிட்ட வரலம்மா" என்றார்.

தவறு என்னுடையது. நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

அவர் ஓய்வு பெற்ற டீச்சர். கணவர் போய் எட்டு மாதம். மஞ்சளும் ஆரஞ்சுமான அந்த வெளிநாட்டுக் கிளி கணவர் வளர்த்தது. தனியாகக் கிடக்கிறதே, ஜோடி வாங்கலாம் என்றுதான் டெஸ்ட் கொடுத்திருந்தார். துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார். அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. மூன்று இறகுகள் எடுப்பதற்குள் விரலைக் கடித்துவிட்டது. அந்த அம்மா என் கையைப் பிடித்து, கழுவி, பிளாஸ்திரி ஒட்டினார். யாராவது என் கையைப் பிடித்து எத்தனை மாதமாயிற்று என்று யோசித்தேன். அவர் கொடுத்த காபி ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

இந்த முறை தண்ணீர் ட்யூப் சுத்தமாக இருந்தது. கிளிக்கு இரண்டு கோடுகள். மெசேஜ் அனுப்பாமல் போனில் சொன்னேன்.

"பொண்ணா?" என்றார். "அவர் கடைசி வரைக்கும் அத வாடா போடான்னுதாம்மா கூப்பிட்டாரு. இனிமே நான் என்னன்னு கூப்பிடறது?"

"அப்படியே கூப்பிடுங்க ஆன்ட்டி."

சும்மா ஒருநாள் வீட்டுக்கு வரச் சொன்னார். வருகிறேன் என்றேன்.

மழைக்காலத்தில் ஆய்வகத்தை மூடிவிட்டார்கள். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வேறு வேலை கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கக் கிளம்பினேன். ராஜகீழ்ப்பாக்கம் ஸ்டாப் வந்தபோது எழுந்திருக்கவில்லை. என்ன சொல்லிக்கொண்டு போய் நிற்பது? டெஸ்ட்தான் முடிந்துவிட்டதே. வேளச்சேரி வரை போய், வேறு பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன்.