வயிற்றுவலி என்று எழுதிய படிவம்

கேரளத்தில் கழக்கூட்டம் என்ற ஊரில் ஐ.டி. பிள்ளைகள் தங்கும் ஹாஸ்டலில் பாத்திரம் தேய்க்கிற இசக்கிசெல்விக்குப் பேசத் தெரியாமல் இல்லை. ஒரு காலத்தில், “கொஞ்சம் வாயை மூடு தாயே” என்று கணவனே கும்பிட்டிருக்கிறான். அவன் போனபிறகு பதினைந்து வருஷமாக அளந்துதான் பேசுகிறாள்.

கணவன் பிச்சைக்கனி, வள்ளியூர்ப் பக்கத்துக் கொத்தனார். குடித்தான், விட்டான், மறுபடி குடித்தான். ஒருநாள் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். அப்போது நாலாம் வகுப்பில் இருந்த மகன் செல்வகணேஷிடம், “அப்பா வயித்துவலியில போய்ட்டாவ” என்றாள். இப்படிப்பட்ட சாவுக்கெல்லாம் எங்கள் ஆட்கள் வழக்கமாகச் சொல்லுகிற காரணம் அதுதான். கேட்பவர்களும் மறுகேள்வி கேட்பதில்லை, அப்படி ஒரு நாகரிகம்!

அந்தப் பொய்யைக் காப்பாற்ற அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரே மாதத்தில் மகனோடு கழக்கூட்டத்துக்கு வீட்டை மாற்றினாள். ஊரில் யாராவது பையனிடம் உளறிவிடுவார்கள் என்று கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகவில்லை, கூடப்பிறந்த தம்பி கல்யாணத்துக்கும் போகவில்லை. வராதவளை யார் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள்? மெல்ல மெல்ல போன் வருவதும் நின்றுபோனது.

இப்போது செல்வகணேஷுக்கும் குடி. போன மாதம் சாகிறேன் என்று கடலில் இறங்கியவனை, விழிஞ்ஞம் துறைமுகத்தில் கூட வேலை பார்த்தவர்கள் இழுத்துவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அங்கே ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுக்க வந்தவள் ரெம்யா, தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற பாறசாலைக்காரி. “அம்மா, இதுல உள்ள ஜீன பாத்து, மூளையில எது பிசகுதுன்னு கண்டுபிடிச்சா, குடிக்கும் சாவுற நெனப்புக்கும் ஏத்த மருந்து தேடலாம்.”

“எம்புள்ளைக்கு எப்பம்மா கிடைக்கும்?”

“வருஷம் நெறைய ஆவும். இது பின்னால வாறவங்களுக்கு. ஆனா வீட்டுல யாரு எப்பிடி மரிச்சாங்கன்னு சரியா சொல்லணும் கேட்டீங்களா? டாக்டருக்கும் அது தெரியணும்.”

வீட்டுக்காரர் எப்படி இறந்தார் என்று கேட்டாள். வயிற்றுவலி என்று இசக்கிசெல்வி சொன்னாள். ரெம்யா எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அவளைத் தனியே அழைத்தாள் ரெம்யா. “நீங்க ரெண்டு பேரும் சொன்னது சேரல்ல அம்மா. மகன் சொன்னத நான் பறையமாட்டேன். நீங்க இன்னொருக்கா ஆலோசிச்சு சொல்லுங்க.”

அப்படியானால் பையனுக்குத் தெரியும். யார் சொன்னது? அப்பா போன வழியே தனக்கும் என்று நினைத்துத்தான் கடலில் இறங்கினானா? இத்தனை வருஷம் சொந்தபந்தத்தை அறுத்துக்கொண்டு கிடந்ததெல்லாம் வீணா? அழுகையைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது, தன்மேலேயே. நடந்ததை நடந்தபடி சொன்னாள். பழையதை அடித்துவிட்டு ரெம்யா திருத்தி எழுதினாள்.

வார்டில் மகன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“அப்பா சங்கதிய ஒனக்கு எவம்ல சொன்னான்?”

சுவரைப் பார்த்தபடியே சொன்னான்.

“யாரும் சொல்லல. அன்னைக்கு கலர் பென்சில் எடுக்க ஸ்கூல்லேர்ந்து வீட்டுக்கு வந்தேன். பாத்தேன். கதவ சாத்திட்டு ஸ்கூலுக்கே போயிட்டேன்.”

“எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா மக்கா?”

“சாயங்காலம் நீயே சொல்லுவ, ஒன்னக் கெட்டிப்பிடிச்சு அழலாம்னுதாம்மா வந்தேன்.”