ஷரீஃபுன்னிசா பார்த்த மிஷின்

குமணன்சாவடி ஷரீஃபுன்னிசாவுக்கு லேசில் கோபம் வராது. வந்தால் லேசில் ஆறாது. மணவாளன் மேல் வந்த கோபம் ஆறவேயில்லை.

அவள் புருஷன் நூர் முகமது மணவாளனின் ஓட்டலில் கோழி பொரிக்கும் மாஸ்டராக இருந்தவர். அடுப்புக் கால் ஆடுகிறது, மாற்றுங்கள் என்று கேட்டுக் கேட்டு அவர் வாய் வலித்ததுதான் மிச்சம். ஒருநாள் சட்டி சரிந்து, கொதிக்கிற எண்ணெய் வலது கையில் கொட்டியது. விரல்கள் மடங்காமலே போய்விட்டன. கட்டோடு வேலை கேட்டுப் போனவரை மணவாளன் எல்லார் எதிரிலும் கேட்டான்: "கை போன மாஸ்டரை வெச்சிகினு நான் இன்னா பண்றது?"

ஷரீஃபுன்னிசாவும் கூடப் போயிருந்தாள். இவனைச் சும்மா விடக்கூடாது என்று அங்கேயே மனசுக்குள் முடிவு கட்டினாள்.

எதிர்ச்சாரியிலேயே கடை போட்டாள். மசாலா நூருடையது, பொரிப்பது அவள். ஆனால் மணவாளனுக்கு ஒரு வியாதி. அவள் எதைச் செய்தாலும் அதையே பெரிதாகச் செய்துவிடுவான். அவள் காடை போட்டால் மறுநாள் அவன் கடையிலும் காடை. அவள் ட்யூப்லைட் மாட்டினால் அவன் வாசலில் சீரியல் லைட்டு. வந்த கூட்டம் அந்தப் பக்கம் சாய, கடையை மூட வேண்டிய நிலைமை வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் பிரஷர் ஃப்ரையர் பற்றிக் கேள்விப்பட்டாள். மூடியை இறுக்கிப் பொரிக்கிற மிஷின். கோழி சாறு வற்றாமல் சீக்கிரம் வேகும், எண்ணெய் தெறிக்காது. நூர் மறுபடி அடுப்படியில் நிற்கலாம். அது போதாதா அவளுக்கு?

அம்பத்தூரில் மிஷின் விற்கும் லோகநாதனிடம் போனாள். கேஸில் ஓடும் சின்னது ஒன்று, கரண்டில் ஓடும் பெரியது ஒன்று. லோகநாதன் வாயில் எதுவும் தங்காது. மணவாளனுக்கும் அவன்தான் சாமான் போடுகிறவன். பெரியதை ஆசை ஆசையாகத் தடவிப் பார்த்தாள்.

"இதான்ண்ணே நம்ம கடைக்கு. எதிர்க்கடைக்காரர் காதுல மட்டும் போட்டுறாதீங்க."

"சேச்சே, நான் இன்னாத்துக்கும்மா சொல்லப் போறேன்?"

அந்த வாரமே, புது வருஷத்துக்கு முந்தின நாள், பெரியது மணவாளன் கடையில் மாலையோடு வந்து இறங்கியது. காலையில் ஓட்டிப் பார்த்தான், பிரமாதம். பழைய சட்டியையும் அடுப்பையும் காயலான் கடைக்குத் தள்ளினான். விளக்கு வைக்கிற நேரத்தில் அந்தத் தெருவில் வோல்டேஜ் விழுந்து ஃபேன்கூட சுற்றாது. அவசரத்தில் மணவாளன் அதை மறந்தான், அவள் மறக்கவில்லை. அதற்குள் வேறொரு கடையில் கேஸ் மிஷினை வாங்கிச் சத்தமில்லாமல் பின்பக்கமாக இறக்கினாள்.

அன்று சாயங்காலம் மணவாளன் கடை வாசலில் புது வருஷக் கூட்டம், ஒரே நெரிசல். எண்ணெய் சூடு ஏறவே இல்லை. வெளுத்துப்போய் எண்ணெய் சொட்டிய கோழியைக் கையில் வாங்கியவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு ரோட்டைத் தாண்டினார்கள். இங்கே நூர் இடது கையால் மூடியை இறுக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். ஷரீஃபுன்னிசாவுக்கு வயிறு குளிர்ந்தது.

மணவாளன் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தான்.

"கரண்டு மிஷினத்தானம்மா நீ எடுத்த?"

"பாத்தேன். எடுத்தேன்னு யாரு சொன்னது?"

அவன் நூர் பக்கம் திரும்பினான். "நூரு, சட்டி எங்கனா இரவல் வாங்கிக்கலாம். இன்னிக்கு மட்டும் வந்து பொரிச்சுக் குடுப்பா. மானம் போவுது."

நூர் மடங்காத விரல்களை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"கை போன மாஸ்டரை வெச்சிகினு நீங்க இன்னா மொதலாளி பண்ணுவீங்க?"

ஷரீஃபுன்னிசா சிரிப்பை அடக்கவில்லை. "கொஞ்சம் ஒதுங்குங்க அண்ணாத்தே," என்றாள். "உங்க கடை ஜனம் வந்துகினு கீது."